மாரத்தானில் வேகத்தைப் பங்கிடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல் ஃபுல் மாரத்தானுக்குப் பதிவு செய்தவர்களும், ஒன்றை ஓடி 30 கிலோமீட்டருக்குப் பிறகு நொந்துபோனவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. எந்த ஷூ வாங்குவது, எந்தப் பயிற்சி அட்டவணை நல்லது என்பதெல்லாம் இங்கே இல்லை. 42.195 கிலோமீட்டருக்கு வேகத்தை எப்படிப் பங்கிடுவது, பங்கீடு தவறினால் அதிலிருந்து என்ன கற்றுக்கொள்வது என்பதைப் பற்றி மட்டும் பேசுவோம்.

பேஸ் என்று எதைச் சொல்கிறார்கள்? எனக்கு எவ்வளவு வேண்டும்?

ஒரு கிலோமீட்டர் ஓட எத்தனை நிமிடம், எத்தனை நொடி ஆகிறது என்பதுதான் பேஸ். 4 மணி நேரத்தில் முடிக்க 5:41 பேஸ் வேண்டும். நான்கரை மணி நேரம் என்றால் 6:24. 5 மணி நேரம் என்றால் 7:07. இந்த எண் உங்களுக்குப் பிடித்த எண்ணாக இருக்கக் கூடாது, உங்கள் பயிற்சி காட்டும் எண்ணாக இருக்க வேண்டும். பேஸ் தவறுகளில் பாதி ஓட்டத்தன்று நடப்பதில்லை. இலக்கை முடிவு செய்யும் அன்றே நடந்துவிடுகிறது.

ஹாஃப் மாரத்தானை (21.1 கிலோமீட்டர்) 2 மணி நேரத்தில் ஓடினேன். ஃபுல்லை 4 மணி நேரத்தில் முடித்துவிடலாமா?

முடியாது. தூரம் இரட்டிப்பாகும்போது நேரம் இரட்டிப்பை விடக் கூடுதலாகவே ஆகும். பீட்டர் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியாளர் இதற்கு ஒரு சூத்திரம் கொடுத்தார். அதன்படி ஹாஃப் நேரத்தை ஏறக்குறைய 2.085-ஆல் பெருக்க வேண்டும். உங்கள் 2 மணி நேரம் அப்போது 4 மணி 10 நிமிடமாகிறது.

வாரம் 70, 80 கிலோமீட்டர் ஓடுகிறவர்களுக்கு அந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். வேலை, குடும்பம் என்று ஓடிக்கொண்டே வாரம் 40 கிலோமீட்டர் சேர்ப்பவர்களுக்கு அதுவும் கொஞ்சம் பேராசைதான். என்னைக் கேட்டால் அதற்கு மேல் இன்னும் 10 முதல் 20 நிமிடம் கூட்டிக்கொள்ளச் சொல்வேன். முதல் ஃபுல் என்றால் தயங்காமல் 20-ஐக் கூட்டுங்கள்.

முதல் 10 கிலோமீட்டர் ரொம்ப லேசாக இருக்கிறது. அப்போதும் ஏன் மெதுவாகப் போகச் சொல்கிறீர்கள்?

அது லேசாக இருக்கத்தான் வேண்டும். கடைசி இரண்டு மூன்று வாரங்கள் பயிற்சியைக் குறைத்திருப்பீர்கள், கால்கள் ஓய்வெடுத்திருக்கும். விடியற்காலைக் குளிர், இசை, கூட்டம், அட்ரினலின் எல்லாம் சேர்ந்து உடம்பு சொல்வதைக் காதில் விழாமல் செய்துவிடும். வழக்கமாக மூச்சு வாங்கும் வேகம்கூட அன்று நடைபோலத் தெரியும். அந்த நேரத்தில் உணர்வை நம்பாமல் எண்ணை நம்புங்கள். முதல் 3 கிலோமீட்டரை இலக்குப் பேஸை விட 10 முதல் 15 நொடி மெதுவாகவே ஓடுங்கள். நூற்றுக்கணக்கானவர்கள் உங்களைத் தாண்டிப் போவார்கள், போகட்டும். அவர்களில் பலரை 35-ஆவது கிலோமீட்டரில் மறுபடி பார்ப்பீர்கள்.

முன்பாதியில் வேகமாக ஓடி நேரத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டால், பின்பாதியில் களைத்தாலும் சமாளிக்கலாமே?

மாரத்தானில் இதைவிடக் கெட்ட யோசனை இல்லை. கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இலக்கு 4 மணி நேரம், பேஸ் 5:41. முதல் 21 கிலோமீட்டரை 5:20-இல் ஓடுகிறீர்கள் என்று வையுங்கள். கையில் சேர்வது ஏறத்தாழ 7 நிமிடம் 20 நொடி. அதற்கு விலையாகக் கடைசி 10 கிலோமீட்டர் 7:00-க்கு இறங்கினால், போவது 13 நிமிடத்துக்கும் மேல். 7:00-க்கு இறங்குவது ஒன்றும் பெரிய சரிவு அல்ல. நடக்க ஆரம்பித்துவிட்டால் கிலோமீட்டருக்கு 10 நிமிடத்துக்கும் மேலே போய்விடும்.

முன்பாதியில் சேர்ந்தது நேரம், செலவானது சர்க்கரை. பின்பாதியில் உங்களுக்கு வேண்டியது சர்க்கரை.

30 கிலோமீட்டருக்கு மேல் திடீரென்று கால் நகர மறுப்பது ஏன்?

ஓட்டக்காரர்கள் சுவரில் மோதுவது என்று சொல்வது இதைத்தான். உடம்பு மாவுச்சத்தைக் கிளைகோஜனாகத் தசைகளிலும் ஈரலிலும் சேமித்து வைக்கிறது. நன்றாகச் சாப்பிட்டுத் தயாரானவரிடம் இது ஏறக்குறைய 2000 கலோரி இருக்கும். ஓடுவதற்கு ஆகும் செலவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, ஒரு கிலோமீட்டருக்கு சுமார் 1 கலோரி. 65 கிலோ எடையுள்ளவருக்கு முழுத் தூரத்துக்கும் 2700-க்கு மேல் தேவை. மீதியைக் கொழுப்பு கொடுக்கும், அது எல்லோரிடமும் தாராளமாக உண்டு. ஆனால் கொழுப்பு மெதுவாகத்தான் எரியும். வேகம் கூடக்கூட உடம்பு கொழுப்பை விட்டுவிட்டுக் கிளைகோஜனையே அதிகம் கேட்கும்.

பேஸ் முக்கியமாவது இந்த இடத்தில்தான். கிலோமீட்டருக்கு 15 நொடி வேகமாக ஓடுவதால் மொத்தக் கலோரி பெரிதாக மாறாது. அந்தக் கலோரி எதிலிருந்து வருகிறது என்பது மாறிவிடும். 40-ஆவது கிலோமீட்டர் வரை வந்திருக்க வேண்டிய கிளைகோஜன் 31-லேயே தீர்ந்துபோகும். மூளைக்கும் சர்க்கரைதான் தேவை என்பதால் கால் மட்டுமல்ல, மனதும் சேர்ந்து சோர்ந்துபோகிறது. அந்த நேரத்தில் "நான் இதற்கு லாயக்கில்லை" என்று தோன்றினால் அது உங்கள் குணத்தைப் பற்றிய தீர்ப்பு அல்ல, எரிபொருள் தீர்ந்ததன் அறிகுறி.

ஜெல் எப்போது எடுப்பது?

ஓடும்போதே விழுங்கும் கூழ் போன்ற சர்க்கரைப் பொட்டலம்தான் ஜெல். களைப்பு வரும் வரை காத்திருக்காதீர்கள். ஒரு மணி நேரத்துக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்பது பொதுவான அளவு. ஒரு ஜெல்லில் பெரும்பாலும் 20 முதல் 25 கிராம் இருக்கும். முதல் ஜெல்லை 40 நிமிடத்திலேயே எடுத்து, பிறகு அரை மணிக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். பேரீச்சம்பழம், கடலை மிட்டாய், வாழைப்பழம் உங்கள் வயிற்றுக்கு ஒத்துவந்தால் அவையும் சரிதான். எதுவானாலும் லாங் ரன்னில் (பயிற்சியில் ஓடும் நீண்ட ஓட்டத்தில்) சாப்பிட்டுப் பழகியிருக்க வேண்டும்.

பெரிய வீரர்களும் இந்தத் தவறைச் செய்வார்களா?

செய்வார்கள். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் நடந்தது எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த பாடம். இங்கிலாந்தின் ஜிம் பீட்டர்ஸ் அந்த ஜூன் மாதம்தான் 2:20:42 ஓடி உலகின் சிறந்த நேரத்தை வைத்திருந்தார். பந்தயத்தில் ஆரம்பத்திலேயே கடும் வேகத்தில் கிளம்பினார். செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் ஜாடோபெக் 5000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றுவிட்டு, வாழ்க்கையின் முதல் மாரத்தானுக்கு வந்திருந்தார். பழக்கமில்லாத தூரம் என்பதால் பீட்டர்ஸை ஒட்டியே ஓடினார். வழியில் இந்த வேகம் சரியா என்று அவரிடமே கேட்டார். பீட்டர்ஸ் உள்ளுக்குள் திணறிக்கொண்டிருந்தாலும், வேகம் போதவில்லை என்கிற மாதிரி பதில் சொன்னார். ஜாடோபெக் அதை அப்படியே எடுத்துக்கொண்டு முன்னே போய்விட்டார். பீட்டர்ஸ் சுமார் 32 கிலோமீட்டரில் தசைப்பிடிப்போடு நின்றுவிட்டார். ஜாடோபெக் 2:23:03-இல் மூன்றாவது தங்கத்தை வாங்கினார்.

பீட்டர்ஸின் கதை அங்கே முடியவில்லை. 1954-இல் வான்கூவரில் நடந்த காமன்வெல்த் போட்டியில் (அப்போது அதற்குப் பிரிட்டிஷ் பேரரசு மற்றும் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி என்று பெயர்) கொளுத்தும் வெயிலில் தன் வழக்கமான வேகத்தை விடவே இல்லை. ஸ்டேடியத்துக்குள் நுழையும்போது இரண்டாவதாக வந்தவரை விட 17 நிமிடம் முன்னால் இருந்தார். உள்ளே வந்ததும் விழுந்தார், எழுந்தார், மறுபடி விழுந்தார். கடைசிச் சில நூறு மீட்டரை அவரால் முடிக்க முடியவில்லை. ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு அவர் பந்தயங்களில் ஓடவில்லை. 17 நிமிட முன்னிலை இருந்த மனிதர் கிலோமீட்டருக்கு 15 நொடி விட்டுக்கொடுத்திருந்தால்கூட ஜெயித்திருப்பார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும்.

நம் காலத்திலும் உண்டு. 2023 பாஸ்டன் மாரத்தானில் கென்ய வீரர் எலியுட் கிப்சோகே முதல் 5 கிலோமீட்டரை இறக்கத்தில் 14:17-இல் ஓடினார். பாதையின் பின்பகுதியில் வரும் நியூட்டன் மேடுகளில் பின்தங்கி, 2:09:23-இல் ஆறாவதாக முடித்தார்.

இரண்டு பாதியும் சமமாக ஓட வேண்டுமா? இரண்டாம் பாதி வேகமாக இருக்க வேண்டுமா?

2023 அக்டோபர் 8-இல் சிகாகோவில் கென்ய வீரர் கெல்வின் கிப்டும் 2:00:35 ஓடி உலக சாதனை படைத்தபோது முதல் பாதி 60:48, இரண்டாம் பாதி 59:47. அதற்கு முந்தைய சாதனையைக் கிப்சோகே 2022 பெர்லினில் வைத்தபோது முதல் பாதி 59:51, இரண்டாம் பாதி 61:18. இரண்டு விதத்திலும் சாதனை வந்திருக்கிறது. ஆனால் கவனியுங்கள், இரண்டிலுமே பாதிகளுக்கு இடையே உள்ள வித்தியாசம் ஒன்றரை நிமிடத்துக்குள்தான்.

நம்மைப் போன்றவர்கள் சமமாக ஓட முயன்றால் போதும். நான்கரை மணி இலக்கில் இரண்டாம் பாதி 3, 4 நிமிடம் கூடினால் அது நன்றாக ஓடிய ஓட்டம். 20 நிமிடம் கூடியிருந்தால் எங்கேயோ கணக்கு தவறியிருக்கிறது.

நம் ஊர் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் என்ன செய்வது?

ஐரோப்பாவில் எழுதிய பேஸ் அட்டவணையை அப்படியே சென்னைக்குக் கொண்டுவரக் கூடாது. ஜனவரியில்கூட கடற்கரைச் சாலையில் விடியற்காலையே பிசுபிசுப்பு இருக்கும். வியர்வை வழியும், ஆனால் காயாது. காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. தோலைக் குளிர்விக்க ரத்தம் அங்கே போவதால், அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்க வேண்டியிருக்கும். சூரியன் ஆறரை மணிவாக்கில் வந்துவிடும். 4 மணிக்குக் கிளம்பி நான்கரை மணி நேரம் ஓடுகிறவருக்குக் கடைசி இரண்டு மணி நேரம் வெயில்தான்.

அதனால் இலக்கை முன்கூட்டியே கிலோமீட்டருக்கு 10 முதல் 20 நொடி தளர்த்துங்கள். இருட்டாக இருக்கும்போதே வேகமாக ஓடி முடித்துவிடலாம் என்று ஒரு ஆசை வரும். அதுவும் நேரத்தைச் சேர்த்து வைக்கும் அதே தவறுதான், காரணம் மட்டும் வேறு.

2019-இல் தோகாவில் உலக சாம்பியன்ஷிப் பெண்கள் மாரத்தானை வெயிலுக்குப் பயந்து நள்ளிரவில் நடத்தினார்கள். அப்படியும் கிளம்பிய 68 பேரில் முடித்தவர்கள் 40 பேர்தான். ஜெயித்த ரூத் செப்பங்கெடிச்சின் நேரம் 2:32:43, அதே ஆண்டு ஜனவரியில் துபாயில் அவர் ஓடிய நேரத்தை விட 15 நிமிடம் கூடுதல். புழுக்கத்துக்கு மதிப்புக் கொடுத்தவர்களே கோட்டைத் தாண்டினார்கள்.

தண்ணீர் எவ்வளவு குடிக்க வேண்டும்?

தாகத்துக்குக் குடியுங்கள். ஒவ்வொரு ஸ்டாலிலும் வயிறு நிறையக் குடிப்பது ஆபத்து, ரத்தத்தில் சோடியம் குறைந்துவிடும். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்கு அப்படிக் குறைந்திருந்தது. சாலையில் அதிக நேரம் இருந்து, அதிகம் குடித்து, ஓட்டம் முடியும்போது எடை கூடியிருந்தவர்களுக்கே அந்த ஆபத்து அதிகம். வெறும் தண்ணீரோடு உப்பும் சேர்ந்த பானத்தை மாற்றி மாற்றி எடுங்கள்.

மேடு வந்தால் பேஸை எப்படிப் பிடிப்பது?

பிடிக்க வேண்டாம். மேட்டில் பேஸ் இறங்கட்டும், மூச்சு மட்டும் அதே அளவில் இருக்கட்டும். மும்பை மாரத்தானில் பெடர் ரோடு ஏற்றம் திரும்பி வரும் வழியில், கால் ஏற்கெனவே களைத்த பிறகு வருகிறது. அங்கே 6:24-ஐ விடக்கூடாது என்று மல்லுக்கட்டினால் மீதித் தூரம் முழுக்க அதற்கான வட்டி கட்ட வேண்டியிருக்கும். இறக்கமும் கவனிக்க வேண்டியதுதான். வேகமாக இறங்கும்போது முன்தொடை அடி வாங்கும், அது தெரிவது ஒரு மணி நேரம் கழித்து.

பேஸர் பின்னால் போனால் போதாதா?

சொன்ன நேரத்தில் முடிக்கும்படி ஒரே வேகத்தில் முன்னே ஓடி வழிகாட்டுபவர்தான் பேஸர். நல்ல பேஸர் கிடைத்தால் அது பெரிய உதவி. 2019 வியன்னாவில் கிப்சோகே 1:59:40 ஓடியபோது 41 பேஸர்கள் முறை வைத்து அவரைச் சூழ்ந்து, கிலோமீட்டருக்கு 2:50 என்ற வேகத்தைக் காப்பாற்றினார்கள். சாதனையாக அது பதிவாகவில்லை, ஆனால் சீரான வேகத்தால் என்ன முடியும் என்று காட்டியது.

கிளம்பும் முன் பேஸரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். சீராக ஓடுவாரா, முன்பாதி வேகமாகவா? அவர் கணக்கு துப்பாக்கி நேரமா (பந்தயம் தொடங்கியதிலிருந்து), சிப் நேரமா (அவரவர் தொடக்கக் கோட்டைத் தாண்டியதிலிருந்து)? நீங்கள் அவருக்கு 2 நிமிடம் பின்னால் கோட்டைத் தாண்டியிருந்தால், அவரைப் பிடிக்க முதல் 3 கிலோமீட்டரில் பாயக் கூடாது. அவர் முதல் 5 கிலோமீட்டரிலேயே சொன்ன பேஸை விட 10 நொடி வேகமாகப் போகிறார் என்றால் விட்டுவிடுங்கள்.

வாட்ச் 6:24 என்றே காட்டியது. ஆனால் நேரம் நான்கரை மணியைத் தாண்டிவிட்டது. எப்படி?

பாதையை அளப்பவர்கள் வளைவுகளில் மிகக் குறுகிய வழியில் அளக்கிறார்கள். நாம் தண்ணீருக்கு ஒதுங்கி, ஆட்களைச் சுற்றி, வளைவில் வெளிப்பக்கமாக ஓடுகிறோம். உயரமான கட்டடங்களுக்கு இடையே ஜிபிஎஸ்ஸும் தடுமாறும். கடைசியில் வாட்ச் 42.6 காட்டும். அப்போது நான்கரை மணிக்குத் தேவையான பேஸ் 6:20. இந்த 4 நொடியை முதலிலேயே கணக்கில் வையுங்கள். சாலையோரக் கிலோமீட்டர் பலகையைப் பார்த்து, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தனியாக நேரம் காட்டும் வாட்சின் லாப் பட்டனை அழுத்துவது இன்னும் நல்லது.

10 கிலோமீட்டரில் பார்த்தால் 3 நிமிடம் முன்னால் இருக்கிறேன். இனி என்ன செய்வது?

சந்தோஷப்படாமல் உடனே வேகத்தைக் குறையுங்கள். இலக்குப் பேஸை விட 10 நொடி மெதுவாக அடுத்த 5 கிலோமீட்டர் போங்கள், ஒரு ஜெல்லை முன்கூட்டியே எடுத்துக்கொள்ளுங்கள். 10-இல் திருத்தினால் ஓட்டம் பிழைக்கும். 25-இல் திருத்துவது பெரும்பாலும் கடந்துபோன ரயிலுக்குக் கைகாட்டுவது.

32-இல் சுவர் வந்துவிட்டது. அப்போது?

ஒரு நிமிடம் நடங்கள். சர்க்கரை உள்ள எதையாவது சாப்பிட்டுத் தண்ணீர் குடியுங்கள். அடுத்த விளக்குக் கம்பம் வரை ஓட்டம், அதற்கடுத்தது வரை நடை என்று பிரித்துக்கொள்ளுங்கள். பழைய இலக்கை அங்கேயே விட்டுவிடுங்கள்.

ஆனால் தலைச்சுற்றல், குளிர் நடுக்கம், பேச்சுக் குழறல், நெஞ்சுவலி, நேராக ஓட முடியாமல் தள்ளாடுவது, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் நின்று மருத்துவ உதவியைக் கூப்பிடுங்கள். பக்கத்தில் ஓடுகிறவர் அப்படித் தள்ளாடினாலும் அவருக்காக நில்லுங்கள்.

ஓட்டம் முடிந்த பிறகு, எங்கே தவறினேன் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அமைப்பாளர்கள் தரும் 5 கிலோமீட்டர் ஸ்ப்ளிட்டுகளை (ஒவ்வொரு 5 கிலோமீட்டருக்கும் ஆன நேரத்தை) ஒரு தாளில் எழுதுங்கள். உதாரணத்துக்கு, நான்கரை மணி இலக்கு வைத்த ஒருவரின் தாள் இப்படி இருக்கிறது என்று வைப்போம்: 30:20, 30:35, 30:50, 31:40, 33:20, 36:45, 39:50, 41:10. சீரான வேகம் என்றால் எல்லா இடத்திலும் 32:00 இருந்திருக்க வேண்டும். இவர் பாதித் தூரத்தை 2:10:40 அளவில் தாண்டியிருப்பார், 4 நிமிடத்துக்கு மேல் முன்னிலை. முடித்தது 4:52 வாக்கில். அதாவது 22 நிமிடம் தாமதம்.

இப்போது வடிவத்தைப் பாருங்கள். சரிவு 35-இல் திடீரென்று வரவில்லை, நான்காவது ஸ்ப்ளிட்டிலேயே மெல்லத் தொடங்கியிருக்கிறது. இது தொடக்க வேகத்தின் தவறு. எல்லா ஸ்ப்ளிட்டும் 32:00-ஐ ஒட்டி 30 கிலோமீட்டர் வரை வந்து, பிறகு ஒரேயடியாக 40:00-க்கு விழுந்திருந்தால் முதலில் சாப்பாட்டைச் சந்தேகிப்பேன். மூச்சு நன்றாக இருந்து, கெண்டைக்கால் மட்டும் பிடித்து இழுத்திருந்தால் லாங் ரன்கள் போதவில்லை என்று அர்த்தம்.

இதயத் துடிப்பையும் பக்கத்தில் எழுதுங்கள். பேஸ் இறங்கியபோது துடிப்பும் சேர்ந்து இறங்கியதா? தசையும் எரிபொருளும் தீர்ந்திருக்கின்றன. பேஸ் இறங்கியும் துடிப்பு உயரத்திலேயே நின்றதா? வெயிலும் நீரிழப்பும்தான் பெரிய காரணம். ஒரே தாளில் இரண்டும் இருக்கலாம், பெரும்பாலும் இருக்கும். அப்போது முதலில் வந்தது எது என்று தேடுங்கள், அடுத்த ஓட்டத்தில் அதை மட்டும் மாற்றுங்கள். ஷூ, ஜெல், இலக்கு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது உதவியது என்றே தெரியாது.

இதை ஓடிய வாரத்திலேயே செய்துவிடுங்கள். ஒரு மாதம் போனால் "அன்று வெயில் அதிகம்" என்ற ஒரே வரிதான் நினைவில் நிற்கும்.

பேஸ் உணர்வைப் பயிற்சியில் வளர்க்க முடியுமா?

முடியும். வாரத்தில் ஒரு நாள் வாட்சைப் பார்க்காமல் தெரிந்த பாதையில் 3 கிலோமீட்டர் ஓடி, நேரத்தை ஊகியுங்கள். அப்புறம் வாட்சோடு ஒப்பிடுங்கள். சில வாரங்களில் ஊகம் கிட்டத்தில் வந்துவிடும். லாங் ரன்னில் 24 கிலோமீட்டர் என்றால் முதல் 16-ஐ மெதுவாக ஓடி, கடைசி 8-ஐ மாரத்தான் பேஸில் ஓடுங்கள். களைத்த காலோடு அந்தப் பேஸ் எப்படி இருக்கும் என்பதை உடம்பு தெரிந்துகொள்ளும். அந்த 8 கிலோமீட்டரை முடிக்க முடியவில்லை என்றால் இலக்கைக் குறைக்கும் நேரம் அது.

நடுநடுவே நடந்தால் அது மாரத்தான் ஆகுமா?

ஆகும். அமெரிக்க ஒலிம்பிக் வீரர் ஜெஃப் காலோவே பரவலாக்கிய முறை அது. ஒரு நிபந்தனைதான்: நடையை முதல் கிலோமீட்டர்களிலேயே தொடங்க வேண்டும். 4 நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று ஆரம்பத்திலிருந்தே போகிறவர்கள், 30 வரை விடாமல் ஓடிப் பிறகு நடக்கிறவர்களை முந்திப் போவதை எந்த மாரத்தானிலும் பார்க்கலாம்.

வீட்டில் இருப்பவர்கள் ஃபினிஷில் காத்திருப்பார்கள். எத்தனை மணிக்கு வரச் சொல்வது?

மூன்று நேரம் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் கூடிவந்தால் ஒன்று, சாதாரண நாளில் ஒன்று, வெயிலோ வயிறோ கெடுத்தால் ஒன்று. நான்கரை மணி இலக்குக்கு அவை 4:30, 4:45, 5:15 என்று இருக்கலாம். முதல் நேரத்துக்கு வரச் சொல்லி, மூன்றாவது நேரம் தாண்டும் வரை கவலைப்பட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உங்கள் பிப் எண்ணையும் (சட்டையில் குத்திக்கொள்ளும் எண்) ஆன்லைனில் நேரம் பார்க்கும் வழியையும் கொடுத்துவிட்டுப் போங்கள். 20 முதல் 30 கிலோமீட்டருக்குள் உங்கள் ஸ்ப்ளிட் எவ்வளவு கூடியிருக்கிறது என்று பார்த்தால், மூன்றில் எந்த நேரம் என்று அவர்களுக்கே ஓரளவு தெரிந்துவிடும்.